தொண்ணூற்றேழு கிலோமீற்றர்

2008 ஜனவரி 7, திங்கள்

நேர்ஸ் பெரித், என் மனைவி நாகேஸின் எடையைத் தினமும் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறாள். எடையை மட்டும் எழுதிய கொப்பியைப் புரட்டிப் பார்த்தால் அரிசிக்கடைக் கொப்பி போல இருக்கிறது. ஆகவே இந்த வருடம் மற்றவற்றையும் எழுதுவது என்று தொடங்குகிறேன்.

நோர்வேயின் வடகோடியில் எங்கள் ஊர் போட்ஸ்ஃபியூர் விமான நிலையத்திலிருந்து கிர்க்கெனெஸ் விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் தொண்ணூற்றேழு கிலோமீற்றர். எதிர்க்காற்று இல்லாவிட்டால் இருபத்துமூன்று நிமிடப் பறப்பு. தெருவால் போனால் மலையைச் சுற்றி இருநூற்றைம்பத்தைந்து கிலோமீற்றர். கோடையில் நாலு மணித்தியாலம். மாரியில் மலைப்பாதை திறந்திருந்தால் ஐந்து. மூடியிருந்தால் போக முடியாது. கப்பல் என்றால் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல். நாகேஸ் கிழமைக்கு மூன்று தரம், திங்கள், புதன், வெள்ளி, கிர்க்கெனெஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவேண்டும். இரத்தம் சுத்திகரிக்கும் மெசின் அங்கேதான் இருக்கிறது.

நான் வேலை செய்வது இங்குள்ள ஓடுபாதையில். ஆயிரம் மீற்றர். பனி வழிப்பது, மணல் போடுவது, விமானம் வருவதற்கு முன் அளப்பது. வாகனத்துக்குப் பின்னால் ஒரு சின்னச் சில்லு இழுபட்டு வரும். தரை எவ்வளவு பிடிக்கிறது என்று அது காட்டும். ஓடுபாதையை மூன்று பங்காக்கி மூன்று எண் கொடுப்போம். நாற்பதும் அதற்கு மேலும் நல்லது. முப்பது நடுத்தரம். இருபத்தைந்துக்குக் கீழே கூடாது. நான் கோபுரத்துக்குச் சொல்வேன். கோபுரம் விமானிக்குச் சொல்லும். இறங்குவதா திரும்புவதா என்பது விமானியின் முடிவு.

இன்று 41, 43, 41. விமானம் 10.35க்கு இறங்கியது. நாகேஸ் பையோடு ஏறினாள். பின்னேரம் 5.10க்குத் திரும்பினாள். போகும்போது 54.9 கிலோ, வரும்போது 52.6. வித்தியாசம் முழுக்கத் தண்ணீர். அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்தி இரண்டு வருடமும் இரண்டு மாதமும். மகள் மதுரா ஒஸ்லோவில் இருக்கிறாள். தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்று நின்றாள். தாயின் இதயம் அந்தச் சத்திரசிகிச்சையைத் தாங்காது என்று டொக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஜனவரி 9, புதன்

37, 38, 36. காலையில் போனாள். பின்னேர விமானம் பக்கக் காற்றால் ரத்து. இரவு கிர்க்கெனெஸ் நோயாளர் விடுதியில் தங்குகிறாள். எனக்குப் பாணும் மீன் குழம்பும்.

ஜனவரி 10, வியாழன்

மதியம் வந்தாள். கோட்டைக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தாள்.

"மெசினடியிலை எனக்குப் பக்கத்துக் கதிரை வெறுமை" என்றாள்.

"ஆர், அந்த மாரித் எண்ட மனுசியோ?"

"ஓம்."

"சுகமாகிட்டுதோ?"

"என்னப்பா நீங்கள். இதிலை ஆருக்குச் சுகமாகிறது? போதும் எண்டு சொல்லிப்போட்டாவாம். வீட்டிலை இருந்து பேத்திக்குக் காலுறை பின்னுறாவாம்."

"பாவம்."

"ஏன் பாவம்?"

கடை நாலு மணிக்குப் பூட்டிவிடும் என்பதால் நான் எழும்பினேன். வாகனத்துக்குத் துடைப்பான் இரண்டு, பற்றரி நாலு வாங்கினேன்.

ஜனவரி 11, வெள்ளி

காற்று நாற்பத்தெட்டு நொட், மணிக்குத் தொண்ணூறு கிலோமீற்றர் அளவு. ஓடுபாதையின் மறுமுனை தெரியவில்லை. காலை விமானமும் பின்னேர விமானமும் ரத்து. மலைப்பாதை மூடல். கப்பல் துறைக்குள் திரும்ப முடியாமல் எங்கள் ஊரை விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு ரெலிபோன் எடுத்தேன். தண்ணீரை ஒரு நாளைக்கு அரை லீற்றராகக் குறைக்கச் சொன்னார்கள். உருளைக்கிழங்கை இரண்டு தரம் அவித்து இரண்டு தரமும் தண்ணீரை ஊற்றிவிடவேண்டும். வாழைப்பழம், தேங்காய்ப்பால், சொக்கலேற் கூடாது. இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

பின்னேரம் தவம் வந்தான். மீன் தொழிற்சாலையில் என்னோடு பதினாலு வருடம் நின்று கொட் மீன் வெட்டியவன். நான் விமான நிலையத்துக்கு மாறிய பிறகும் அங்கேயே நிற்கிறான்.

"அண்ணை, எயர்போட்டிலை வேலை, எயர்போட்டிலை வேலை எண்டு யாழ்ப்பாணத்திலை நெல்லியடி வரைக்கும் கதை போயிருக்கு. ஒரு பிளேனை இறக்க உங்களாலை முடியேல்லை."

"அவருக்குத் திருப்பி அனுப்பத்தான் தெரியும்" என்றாள் நாகேஸ்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் தவத்துக்கு ரொட்டி சுட்டாள். இரண்டு தரம் போட்டுக்கொடுத்தாள். ஒன்பது மணிக்கே படுத்து விடிய ஏழரைக்கு எழும்பினாள். இந்த மாதம் இப்படி நித்திரை கொண்டது இதுதான் முதல் தரம். என்னைக் கலங்கவிடக்கூடாது என்று தைரியமாக இருக்கிறாள்.

ஜனவரி 12, சனி

பதினொரு மணித்தியாலம் பனி வழித்தேன். வழித்த இடம் அரை மணியில் மறைந்துவிடுகிறது. விமானம் இல்லை. பாதை இல்லை.

ஜனவரி 13, ஞாயிறு

எடை 57.0. சப்பாத்து நுழையவில்லை. என்னுடையதைக் கொடுத்தேன்.

ஜனவரி 14, திங்கள்

காற்று விழுந்துவிட்டது. பதிலாக மழை. உறைந்த தரையில் விழுந்த உடனே கண்ணாடியாகிறது. மழை ஒன்பதரைக்கு நின்றது. முதல் அளவு 22, 19, 21. ஓட்வார் மணல் வண்டியை இரண்டு தரம் ஓட்டினான். பிறகு 27, 24, 26.

ஓட்வார் என்னோடு ஆறு வருடம் வேலை செய்கிறான். பெரிதாகப் பேசமாட்டான். வண்டியை நிறுத்திவிட்டு என் யன்னலில் தட்டினான்.

"பாரா, சில்லு இன்னும் சூடாகவில்லை. இன்னொரு தரம் ஓட்டிப் பார்."

"சூடாகிவிட்டது."

"மூன்று எண்தானே. இரண்டு கூடினால் யாருக்கும் தெரியாது. உன் மனைவி அங்கே இருக்கிறாள்."

"தெரியும்."

27, 24, 26 என்று கோபுரத்துக்குச் சொன்னேன். விமானம் எங்களுக்கு மேலே ஒரு வட்டம் போட்டது. மேகத்துக்குள் விளக்கு மட்டும் தெரிந்தது. பிறகு சத்தம் தெற்குப் பக்கம் போனது.

நான் உள்ளே போனபோது மற்றப் பயணிகள் ஏழு பேரும் இன்னும் யன்னலில் நின்றார்கள். நாகேஸ் மட்டும் வாங்கில் இருந்து கோட்டுப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"வீட்டை போவமே?" என்றாள்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. எடை 57.9.

ஜனவரி 15, செவ்வாய். தைப்பொங்கல்

இங்கே நவம்பர் கடைசியில் போன சூரியன் இன்னும் வரவில்லை. வருடா வருடம் இல்லாத சூரியனுக்குத்தான் பொங்குகிறோம். தெற்கு யன்னலடியில் வைத்துப் படைத்தாள். சர்க்கரையும் தேங்காயும் இல்லாத பொங்கல். தவம் ஒரு வாய் வைத்துவிட்டு, "அக்கா, சூரியன் வராததுக்குக் காரணம் இப்பதான் விளங்குது" என்றான்.

பகல் பதினொரு மணிக்கு நாகேஸால் படுத்திருக்க முடியவில்லை. இருந்தபடி மூச்சு எடுத்தாள். ஊர் டொக்டர் வந்து பார்த்தார். இனிப் பொறுக்க முடியாது என்றார். பனி வழிக்கும் வண்டி முன்னால் போக, அதற்குப் பின்னால் அம்புலன்ஸ். நான் அம்புலன்ஸில் இருந்தேன். மலையில் முப்பது கிலோமீற்றரைக் கடக்க மூன்று மணித்தியாலம் பத்து நிமிடம். மொத்தம் ஏழு மணித்தியாலம் நாற்பது நிமிடம். வழி முழுக்க அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு ஒன்றும் செய்வதற்கு இருக்கவில்லை.

ஜனவரி 16, புதன், கிர்க்கெனெஸ்

நேற்று இரவே மெசினில் போட்டார்கள். இன்று மறுபடியும். எடை 54.0. நாளையும் போடுவார்கள்.

மதுரா ரெலிபோனில்.

"அப்பா, கிர்க்கெனெசுக்கு மாறுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்?"

"கோடையிலை பாப்பம்."

"போன கோடையிலையும் இதைத்தான் சொன்னனீங்கள்."

உண்மை. இருபது வருடம் இருந்த ஊர், வேலை, வீடு. கோடையில் எல்லா விமானமும் நேரத்துக்கு வரும். அப்போது மாறவேண்டிய தேவை தெரிவதில்லை.

பின்னேரம் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். இளம் பெண். இதயம் மேலும் பலவீனமாகியிருக்கிறது என்று படத்தைக் காட்டினாள். பிறகு, "உங்கள் மனைவி உங்களோடு ஏதாவது பேசினாரா?" என்று கேட்டாள்.

"எதைப் பற்றி?"

படத்தை உறைக்குள் வைத்தாள். "அவர் பேசட்டும். அவசரமில்லை" என்றாள்.

எதைப் பற்றி என்று இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். விடுதியில் சாப்பாடு ஆறு மணிக்கு முடிந்துவிடும். அதனால் போய்விட்டேன்.

ஜனவரி 18, வெள்ளி

52.7. பின்னேர விமானத்தில் இரண்டு பேரும் வீடு திரும்பினோம். சக்கரம் தரையை விட்டது 4.41. தரையைத் தொட்டது 5.04. நாகேஸ் யன்னல் பக்கம். வழி முழுக்க வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது பாதையின் நடுப் பங்கில் சில்லு கொஞ்சம் வழுக்கியதை உணர்ந்தேன். முப்பத்தைந்து இருக்கும். பிறகு கேட்டேன். முப்பத்தாறு.

ஜனவரி 20, ஞாயிறு

அமைதி. பூச்சியத்துக்குக் கீழே பதினொன்று. நாகேஸ் சொதி வைத்தாள். முழுத் தேங்காய்ப்பாலில். தனக்கும் இடியப்பத்தின் மேல் ஊற்றினாள்.

"உமக்கு அது கூடாதெல்லே."

"ஒரு கரண்டி."

மூன்று கரண்டி.

சாப்பிட்ட கோப்பையை அவள் தள்ளிவைக்கவில்லை. விரலால் வழித்து முடித்தாள். பிறகு கேட்டாள்.

"நாளைக்கு ஆர் அளக்கிறது?"

"நான்தான்."

"எப்படி இருக்கும்?"

"நல்லா இருக்கும். இண்டைக்கே நாப்பத்தி மூண்டு."

"கூடாது எண்டு சொல்லிவிடுங்கோவன்."

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஒரு நாளைக்கு. இருபது, இருபத்தொண்டு எண்டு சொல்லிவிடுங்கோ. அது திரும்பிப் போகட்டும்."

"என்ன கதைக்கிறீர் நாகேஸ்? அதிலை மற்றச் சனமும் வரும், போகும்."

"எனக்கு ஏலாமல் இருக்கு."

"ஏலாட்டி டொக்டரிட்டைச் சொல்லுவம்."

"அவவுக்குச் சொல்லிப்போட்டன்." கோப்பையைப் பார்த்தபடி சொன்னாள். "நான் வேண்டாம் எண்டு சொன்னால் நீங்கள் மதுராவுக்கு ரெலிபோன் எடுப்பியள். அவள் அழுவாள். பிறகு நான் வெளிக்கிடுவன். பிளேன் வரேல்லையெண்டால் ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம். காத்தடிச்ச அந்த நாலு நாளும் எனக்கு எவ்வளவு ஆறுதலா இருந்தது தெரியுமே?"

"நான் இல்லாததைச் சொல்லமாட்டன்."

"தெரியும்" என்றாள். எழும்பிப் போய்க் கோப்பைகளைக் கழுவினாள். துணி காயப்போட்டேன். நாளைக்கு வேலைக்குப் போடும் கையுறையின் பெருவிரல் கிழிந்திருந்தது. தைத்தேன்.

ஜனவரி 21, திங்கள்

44, 45, 44. நல்லது. சொன்னேன். விமானம் 10.33க்கு இறங்கியது. நாகேஸ் ஏறினாள். படியில் கால் வைக்க முன் என் பக்கம் பார்த்துக் கையைக் காட்டினாள். கோபமில்லை.

ஜனவரி 23, புதன்

43, 43, 42. போய் வந்தாள். 52.5. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு மறுபடி வரவில்லை. களைப்பில் சொன்னதாக இருக்கும்.

ஜனவரி 25, வெள்ளி

42, 44, 43. காற்று இல்லை. மலையின் உச்சியில் கொஞ்சம் வெயில் விழுந்தது.

விமானம் 10.36க்கு இறங்கியது. சீட்டுப் பார்க்கும் சீவ் என்னிடம் வந்தாள். "பாரா, ஒரு ஆள் குறைவு. உன் மனைவி."

காலையில் நான் ஆறு மணிக்கே வந்துவிட்டேன். தவம் அவளைக் கூட்டிவருவதாக ஏற்பாடு. தவத்துக்கு எடுத்தேன். "அக்கா வேண்டாம் எண்டு திருப்பி அனுப்பிப்போட்டா அண்ணை. நீங்கள் கூட்டிக்கொண்டு போவியள் எண்டு சொன்னவ" என்றான். வீட்டுக்கு எடுத்தேன். உடனே எடுத்தாள்.

"பிளேன் நிக்குதோ?"

"நிக்குது."

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"அஞ்சு நிமிசம் பாப்பினம். தவத்தை வரச் சொல்லுறன்."

"வேண்டாம்."

"நாகேஸ்."

"நான் வரேல்லை எண்டு சொல்லிவிடுங்கோ. பாவம், மற்றச் சனம் காத்துக்கொண்டிருக்கும்."

விமானி கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். அவருக்கும் நாகேஸைத் தெரியும். இரண்டு வருடமாக மூன்றாம் வரிசை யன்னல் அவளுக்கு. போகலாம் என்று பெருவிரலைக் காட்டவேண்டியவன் நான்தான். கடிகாரத்தைப் பார்த்தேன். 10.51. காட்டினேன்.

சீவ் கேட்டாள், "திங்கட்கிழமை இருக்கை?"

"இருக்கட்டும்" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது நாகேஸ் யன்னலடியில் இருந்து தையல் வேலை செய்துகொண்டிருந்தாள். "திங்கள் சீற் இருக்கு" என்றேன். "சரி" என்றாள். ஒரே சொல்லில் சொன்னாள். அது நல்ல அறிகுறி.

ஜனவரி 26, சனி

43, 43, 44. விமானம் நேரத்துக்கு. எடை 54.1.

மதுராவுக்குச் சொல்லவில்லை. திங்கள் போய்விட்டால் சொல்லத் தேவையிருக்காது.

ஜனவரி 27, ஞாயிறு

45, 44, 45. இந்த மாரியிலேயே நல்ல தரை. வானம் துடைத்துவிட்டது போல. நாகேஸ் ஒரு வாழைப்பழம் முழுதாகச் சாப்பிட்டாள். இரண்டு வருடத்தில் முதல் பழம். இனிப்புப் போதாது, கப்பலில் பழுக்கவைத்த பழம் என்று குறை சொன்னாள். மதுரா எடுத்தாள். இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். அரியாலை வீட்டுக் கிணற்றை யார் வாங்கியது, மதுரா சின்ன வயதில் கடலுக்குள் எறிந்த சப்பாத்து, இப்படி. பிறகு ரெலிபோனை என்னிடம் தந்தாள். மதுரா, "அம்மா இண்டைக்கு நல்ல சந்தோசமா இருக்கிறா" என்றாள். ஓம் என்றேன்.

ஜனவரி 28, திங்கள்

44, 44, 43. விமானம் 10.34க்கு இறங்கியது. 10.49க்கு எழும்பியது. நாகேஸ் வரவில்லை.

மதியம் ஊர் டொக்டரும் பெரித்தும் வந்தார்கள். நாகேஸ் அவர்களோடு நோர்வேஜிய மொழியில் தானே பேசினாள். மீன் தொழிற்சாலையில் கற்றது, பிழை இல்லை. வேண்டாம் என்பதற்கு அவளுக்கு உரிமை உண்டு என்று டொக்டர் என்னிடம் சொன்னார். எத்தனை நாள் என்று கேட்டேன். ஒரு கிழமை, பத்து நாள், இதயத்தைப் பார்த்தால் குறையலாம். கடைசி மெசின் புதன்கிழமை. ஐந்து நாள் போய்விட்டது.

ஜனவரி 29, செவ்வாய்

41, 40, 40. மேற்கில் மேகம்.

மதுராவுக்குச் சொன்னேன். முதலில் திருப்பிச் சொல்லச் சொன்னாள். பிறகு, "எப்ப இருந்து?" என்று கேட்டாள். வெள்ளி என்றேன். "நாலு நாள், அப்பா" என்றாள்.

ஜனவரி 30, புதன்

மதுரா ஒஸ்லோவிலிருந்து கிர்க்கெனெஸ் வந்து சேர்ந்தது 6.05. எங்கள் ஊருக்கான கடைசி விமானம் அதற்கு முன்பே போய்விட்டது. விடுதியில் தங்கினாள். நாளை காலை முதல் விமானம்.

நாகேஸ் கட்டிலில். எடை பார்ப்பதைப் பெரித் நிறுத்தச் சொல்லிவிட்டாள். மதுரா கிர்க்கெனெஸில் நிற்கிறாள் என்றதும், "கிட்ட வந்திட்டாள்" என்றாள்.

ஜனவரி 31, வியாழன்

ஐம்பத்திரண்டு நொட். விமானம் இல்லை. மலைப்பாதை மூடல். மதுரா கப்பல் துறைமுகத்துக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். எங்கள் துறைக்கு வராது என்று சொல்லிவிட்டார்கள். மலை அடிவாரம் வரை கார் ஒன்று எடுத்து வரட்டுமா என்று கேட்டாள். அங்கே தடைக்கம்பு போட்டிருக்கிறது என்றேன்.

நான் பன்னிரண்டு மணித்தியாலம் பனி வழித்தேன். லீவு போட்டு வீட்டில் இரு என்று ஓட்வார் சொன்னான். வீட்டில் பெரித் இருக்கிறாள். வழித்த பாதை இருந்தால்தான் விமானம் வரும்.

பெப்ரவரி 1, வெள்ளி

காற்று குறைந்தது. விடிய ஐந்து மணிக்கு மழை. எல்லா இடமும் கண்ணாடி. இருந்த மணல் முழுவதையும் போட்டோம். ஈரத்தில் மணல் நிற்கவில்லை.

10.10க்கு அளந்தேன். திரும்பவும் அளந்தேன். மூன்றாம் தரமும் அளந்தேன்.

கோபுரம் கூப்பிட்டது. விமானம் கிர்க்கெனெஸிலிருந்து கிளம்பிப் பதினாறு நிமிடம் ஆகிறது. ஓட்வார் தன் வண்டியில் இருந்தான். இந்தத் தரம் ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. இருபத்தொன்று என்பதை முப்பத்தொன்று என்று சொல்வதற்கு அதே அளவு நேரம்தான் ஆகும். விமானத்தில் பதினொரு பேர். அதில் ஒருத்தி மதுரா.

இருபத்தொன்று, பத்தொன்பது, இருபத்திரண்டு என்று சொன்னேன்.

வட்டம் போட்டது. இரண்டாம் வட்டமும் போட்டது. அப்படிச் செய்வது வழக்கமில்லை. சீவ் விமானிக்கு ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். மேகத்தில் ஒரு இடைவெளி வந்தது. விமானத்தின் வயிறு தெரிந்தது, இறக்கிவிட்ட சில்லுகள் தெரிந்தன. பிறகு சில்லுகள் உள்ளே போயின.

காரில் வீட்டுக்கு விரைந்தேன். நாகேஸுக்கு விமானச் சத்தம் கேட்டிருக்கிறது.

"வந்திட்டாளோ?"

"மேலை வந்தவள். இறங்கேலாமல் போச்சு."

11.30க்கு மதுரா எடுத்தாள். ரெலிபோனைத் தாயின் காதில் வைத்தேன். எனக்கும் கேட்டது.

"அம்மா, எங்கட ஊருக்கு மேலை வந்தனான் அம்மா. துறைமுகத்து லைற் எல்லாம் கண்டனான். எங்கட வீடு எதெண்டு தெரியேல்லை."

நாகேஸுக்குச் சொற்களுக்கு நடுவில் மூச்சு வேண்டியிருந்தது. "அந்தரப்படாதை பிள்ளை. அப்பா சரியாத்தான் அளந்திருப்பார்."

ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"சாப்பிட்டனியே?" என்று கேட்டாள்.

"ஓம் அம்மா."

"என்ன சாப்பிட்டனி?"

"பாண்."

"பாணே" என்றாள் நாகேஸ். அதற்குப் பிறகு கண்ணை மூடிவிட்டாள். ரெலிபோனை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். மதுரா ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பின்னேர விமானத்துக்கு 24, 22, 24. கிர்க்கெனெஸிலிருந்து அது கிளம்பவே இல்லை.

4.50. பெரித் நாடி பார்த்துவிட்டு நேரத்தை எழுதினாள். நானும் எழுதுகிறேன்.

மதுரா மூன்று தரம் எடுத்தாள். நான் எடுக்கவில்லை. ஒரு விடுதி அறையில் தனியாக இருக்கிறாள். காலை விமானம் வரும், இரவு உறைந்து தரை பிடித்துவிடும் என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். அம்மா எப்படி என்று பதில் வந்தது. பெரித் என்னோடு இருக்கிறாள் என்று அனுப்பினேன். அது பொய் இல்லை.

பெப்ரவரி 2, சனி

40, 42, 41. அளந்தவன் ஓட்வார். என்னை வண்டியில் ஏற விடவில்லை.

விமானம் 11.08க்கு இறங்கியது. மதுரா முதல் ஆளாக இறங்கி வந்தாள். ஓடவேண்டாம் என்று கையைக் காட்டினேன். விமானம் நிற்கும் இடத்தில் இன்னும் ஐஸ் இருந்தது. அதையும் கேட்காமல் ஓடிவந்தாள். கையில் ஒஸ்லோ கடைப் பை.

என் முகத்தைப் பார்த்தாள். பெரித்தும் தவமும் வீட்டில் இருக்கிறார்கள். வீட்டை ஒழுங்குபடுத்தி, நாகேஸுக்கு அவளுடைய பச்சைச் சேலையை உடுத்தியிருக்கிறார்கள். மதுராவுக்கு என்ன சொல்வது என்பதை விடிய நாலு மணியிலிருந்து யோசித்து, சொற்களை ஒழுங்காக்கி வைத்திருந்தேன்.

"அம்மா முழிச்சிருக்கிறாவோ?" என்று கேட்டாள்.

"நித்திரை" என்றேன்.

பெட்டியைக் காரில் வைத்தேன். பையை அவள் மடியிலேயே வைத்திருந்தாள். உள்ளே கழுத்துக்கு வைக்கும் தலையணை, மெதுவான பஞ்சு, இருந்தபடி நித்திரை கொள்பவர்களுக்கு என்று செய்தது. ஒஸ்லோவில் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கியதாம். நிறம் அம்மாவுக்குப் பிடிக்குமோ தெரியாது, பிடிக்காவிட்டால் உறை மாற்றலாம் என்றாள். கிர்க்கெனெஸ் விடுதியில் யன்னல் பூட்டாமல் காற்று அடித்ததைச் சொன்னாள். பக்கத்து இருக்கைக் கிழவர் தனக்கு அரைவாசி சொக்கலேற் தந்ததைச் சொன்னாள்.

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஐந்து கிலோமீற்றர். தெருவில் பனி வழித்து மணல் போட்டிருந்தது. ஐம்பதில் போகலாம். நான் இருபதில் போனேன்.